தெரிந்தவளிடம் பேர் கேட்பது

தவிட்டம்மாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. இவளாவது தங்கட்டும் என்று அவள் அம்மா நூகாலம்மா, பிறந்த குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டு விலைக்கு வந்த பொருளை எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படியே ஆயிற்று. குழந்தை பிழைத்தது, வளர்ந்தது, நர்ஸ் படிப்புக்கும் போனது. அங்கே விடுதி வார்டன், "இந்தக் காலத்துல இப்படியொரு பேரா? தனுஜான்னு மாத்திக்கோயேன்" என்றாள்.

"மாட்டேங்கம்மா. எங்கம்மா என்னை வாங்கின வெலை அது" என்று சொல்லிவிட்டாள் தவிட்டம்மா. அந்த வயதிலேயே அவளுக்கு அவ்வளவு வீம்பு.

அந்தப் பேரால் ஒரு லாபமும் உண்டு. ஆஸ்பத்திரியில் தவிட்டம்மா என்று கூப்பிட்டால் அவள் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். மற்றவர்கள் பாடு அப்படியில்லை. எங்கள் வட ஆந்திரத்து விஜயநகரம் பக்கம் சிம்மாசலம் மலைக் கோயில் அப்பன்னா சாமி ஒருவரே ஊர் மொத்தத்துக்கும் பேர் வைத்துவிட்டார். ஆண் என்றால் அப்பலராஜு, அப்பலநாயுடு, அப்பலசாமி. பெண் என்றால் அப்பலநரசம்மா, அப்பாயம்மா. ஒரே வீட்டில் அண்ணன் மகளுக்கும் தம்பி மகளுக்கும் அதே பேரை வைத்துவிட்டுப் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்ட பேரை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? சந்தையில், கல்யாணத்தில், இது சிரிப்புக்கு ஆகும். ஆஸ்பத்திரியில் ஆகாது.

ஆகாது என்பது ஒரு சங்கராந்திக்கு முந்தைய வாரம் தெரிந்தது. ஆண்கள் வார்டில் இரண்டு அப்பலநாயுடுகள். ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவனுக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து உடம்பு வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் ஏற்றினால் பண்டிகைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த வகை ரத்தம் என்று பார்க்க, கிருபாமணி என்ற நர்ஸ் ஊசியும் குழாயுமாக வந்தாள். பொப்பிலிக்காரி. வேலையில் கெட்டி, குரலில் இனிமை. படுக்கை அருகே குனிந்து, "அப்பலநாயுடு நீங்கதானே?" என்று கேட்டாள்.

"ஆமாங்கம்மா" என்றான் காய்ச்சல்காரன்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனும் அப்பலநாயுடுதான். காய்ச்சல்காரனிடம் எடுத்த ரத்தத்துக்குப் பொருந்தும் ரத்தம், வயிற்றுப் புண்காரனுக்கு ஏறியது. அவன் பண்டிகைக்கு வீடு போகவில்லை.

அப்புறம் நடந்தது எங்கும் நடப்பதுதான். ஊரே திரண்டு வந்து ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கியது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். விசாரணை வந்தது. கிருபாமணியை வேலையிலிருந்து எடுத்தார்கள். "அதே ஆஸ்பத்திரியில தவிட்டம்மாவும்தான் வேலை பாக்கறாங்க. அவங்க கையால இப்படி ஒண்ணு நடந்ததுண்டா? கவனமா இருந்தா ஏன் நடக்கப்போகுது?" என்று விசாரணையில் ஒருவர் கேட்க, எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தவிட்டம்மாவும் அங்கேதான் இருந்தாள். புகழ்ச்சி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை அதே வார்டில், அதே படுக்கைக்குப் பக்கத்தில், வேறொரு நர்ஸ் இன்னொரு நோயாளியிடம் குனிந்து, "சிம்மாசலம் நீங்கதானே?" என்று கேட்டதை அவள் காதால் கேட்டாள். கிருபாமணியைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கேள்வி அப்படியே வேலையில் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் புதுத் தலைமை டாக்டராக சோமயாஜுலு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் காது கொடுத்துக் கேட்பார். தவிட்டம்மா நேராக அவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, ஆமான்னு பதில் வர்ற கேள்விய இந்த ஆஸ்பத்திரில யாரும் கேக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு போடுங்க."

"புரியும்படியா சொல்லும்மா."

"நம்ம சனம் வெள்ளைக் கோட்டைப் பாத்தா ஆமாங்கும். 'நீதானே ராஜா?'ன்னு கேட்டாக்கூட ஆமாங்கும், டாக்டரையாவ எதுத்துப் பேசக் கூடாதுன்னு. 'உங்க பேரென்ன'ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கணும். பேர் அவங்க வாயால வரணும்."

"பேர் மட்டும் போதுமா? அதுதான் எல்லாருக்கும் ஒரே பேராச்சே" என்றார் சோமயாஜுலு.

போதாதுதான். எங்கள் பக்கம் பேருக்கு முன்னால் வரும் குடும்பப் பேரை, அதாவது வீட்டுப் பேரையும் கேட்பது என்று வைத்தார்கள். பெண்களிடம் புருஷன் பேரையும் கேட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெண்கள் வார்டே குலுங்கிச் சிரித்தது. கட்டினவன் பேரை வாயால் சொல்வதாவது! ஒருத்தி சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "அதோ, அந்தச் சாமி பேருதான்" என்றாள். இன்னொருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்காகப் பக்கத்துப் படுக்கைக்காரி பதில் சொன்னாள், அதையும் தப்பாகச் சொன்னாள். எத்தனை நல்ல முறை வந்தாலும் எங்கள் பெண்களின் வெட்கத்தைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

"அம்மா பேரைக் கேளுங்கடி. அதைச் சொல்ல எவளுக்கு வெக்கம்?" என்றாள் தவிட்டம்மா.

அப்படி வந்ததுதான் அந்தக் கேள்வி. உங்க பேரென்ன, வீட்டுப் பேரென்ன, அம்மா பேரென்ன, உங்களுக்கு என்ன செய்யப் போறோம்? ரத்தம் எடுக்கும்போது, ஊசி போடும்போது, ஆபரேஷனுக்குக் கூப்பிடும்போது. மேஜையில் படுக்க வைத்த பிறகு, மரத்துப் போக ஊசி போடுவதற்கு முன்னால், எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்க, ஆபரேஷன் செய்யும் டாக்டரே இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

ஆபரேஷன் டாக்டர் நரேந்திர வர்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கை வேகம், வாயும் வேகம். "ஏன் தவிட்டம்மா, அப்படியே கோத்திரமும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனையும் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்கய்யா. தட்சணை மட்டும் கேட்டுடாதீங்க, இது தர்மாஸ்பத்திரி."

சோமயாஜுலு இன்னொன்றும் செய்தார். புதன்கிழமை சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்து, நடக்க இருந்து தப்பிய தவறுகளைச் சொல்லச் சொன்னார். சொல்கிறவருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. சுடச்சுட மிளகாய் பஜ்ஜி உண்டு. முதல் சில வாரம் பஜ்ஜி மட்டும் காலியானது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை வர்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு குடலிறக்கக் கேஸ். வலது பக்கம்னு நெனச்சிட்டிருந்தேன். மேஜைல வெச்சுக் கேட்டப்போ ஆள் இடதுன்னான்" என்றார். சொல்லிவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். அன்றோடு அவருடைய அர்ச்சனைக் கிண்டல் நின்றது. மற்றவர்களுக்கும் வாய் வந்தது.

தவிட்டம்மாவிடம் மட்டும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "எங்க எல்லார்கிட்டயும் இருக்கு, உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையாக்கா?" என்று சின்ன நர்ஸ்கள் சீண்டுவார்கள். "கேக்காம நான் ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்டி" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். அது நல்ல களை இல்லை என்று இப்போது சொல்லலாம்.

இதற்கிடையில் கிருபாமணி பொப்பிலியில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையைத் திருப்பிக் கேட்டு அவள் கொடுத்த மனு ஒருவழியாக அசைந்தது. மறுவிசாரணைக்கு நாள் குறித்தார்கள். தவிட்டம்மா அவளுக்காகச் சாட்சி சொல்வதாக இருந்தாள். "தப்பு உன்னோடது இல்ல, கேட்ட முறையோடதுன்னு சொல்லப்போறேன்" என்று கடைக்கே போய்ச் சொன்னாள்.

கிருபாமணி மடித்த புடவையை அடுக்கில் வைத்தாள். "சொல்லுங்கக்கா. ஆனா உங்களைக் காட்டித்தானே என்னை வெளிய அனுப்பினாங்க? தவிட்டம்மா செய்யாத தப்பை நீ ஏன் செஞ்சேன்னு மறுபடியும் கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றது?"

தவிட்டம்மா பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தாள்.

பதில் அடுத்த வாரம் வந்தது, அவள் கேட்காமலே. அன்று குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நாள். வார்டில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பச்சை அங்கி. தவிட்டம்மாவின் பிறந்த ஊரிலிருந்து மஜ்ஜி வீட்டுப் பெண்கள் இருவர் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். அண்ணன் தம்பி மக்கள். இருவருமே அப்பலநரசம்மா. பெரியவளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், கருத்தடை செய்துகொள்ள வந்திருந்தாள். சின்னவளுக்குக் கல்யாணமாகி இன்னும் பிள்ளையில்லை. சினைப்பையில் ஒரு கட்டி, அதை எடுத்தால் பிள்ளை நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் என்று சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

தவிட்டம்மா அந்த வீட்டில் அம்பலிக் கஞ்சி குடித்து வளர்ந்தவள். இருவரின் அம்மாக்களும் அவளுக்கு அக்கா முறை. பெண்களைக் கடைசியாகப் பார்த்தது பாவாடைக் காலத்தில்.

பெரியவளை அழைத்துப் போக வேண்டிய நேரம். தவிட்டம்மா வார்டு வாசலில் வந்து நின்றாள். பெரியவள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். படுக்கையில் உட்கார்ந்திருந்தவள் அச்சு அசலாகச் சிலகம்மா அக்காவின் மூக்கோடு இருந்தாள். சிலகம்மாவின் மகள்தான் பெரியவள். ஆனால் அந்த மூக்கு அந்த வீட்டுக்கே பொது. சொந்த ஊர்ப் பெண்ணை, மடியில் தூக்கி வைத்திருந்த பெண்ணை, பேரென்ன, அம்மா பேரென்ன என்று கேட்பதா? எங்கள் பக்கம் அதைவிட அவமரியாதை வேறில்லை. என்னை மறந்துவிட்டீர்களா என்று முகம் சுருங்கிப் போய்விடும். தவிட்டம்மா வாய் நிறையச் சிரித்து, "அடியே அப்பலநரசம்மா, நீதானேடி? வா, போலாம்" என்றாள்.

"ஆமாம் சின்னம்மா" என்று சின்னவள் எழுந்து வந்தாள்.

மேஜையில் படுக்க வைத்தார்கள். மரத்துப் போக ஊசி தயாராக இருந்தது. வர்மா கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் வந்து நின்றார். அன்றைக்கு வரிசை நீளம், அவருக்கும் அவசரம்தான். இருந்தாலும் கேட்டார்.

"பேரென்னம்மா?"

"அப்பலநரசம்மாங்க."

"வீட்டுப் பேரு?"

"மஜ்ஜி வீடுங்க. பொறந்த வீட்டுப் பேரு."

"அம்மா பேரு?"

"பங்காரம்மாங்க."

பங்காரம்மா சின்னவளின் அம்மா. தவிட்டம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வர்மா அவளைப் பார்க்கவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டு, "என்ன செய்யப் போறோம் உனக்கு?" என்றார்.

"கட்டி எடுக்கணுங்க. எடுத்தா பிள்ளை நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டரையா?"

வர்மா ஊசியைத் தள்ளி வைக்கச் சொன்னார். "உனக்கு இன்னிக்கு இல்லம்மா, நாளைக்குத்தான். எந்திரிச்சுப் போய்ப் படுத்துக்கோ" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

தவிட்டம்மா சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளும் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு ஏங்கி வந்தவளுக்கு, பிள்ளையே பிறக்காமல் செய்ய இருந்தாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

விஷயம் புரிந்ததும் சின்னவள் அழவில்லை. தவிட்டம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப் போனாள். "மனசுல வெச்சுக்காதீங்க சின்னம்மா. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் பெரியவளைக் கேக்கறீங்கன்னு தெரியாம ஆமான்னுட்டேன்."

அதுதான் தவிட்டம்மாவைச் சுட்டது. செத்துப்போன அப்பலநாயுடுவுக்காகக் காய்ச்சல்காரனும் இதையேதான் சொல்லி அழுதான். "நீ சரியாத்தான்டி சொன்னே. கேட்டவ தப்பா கேட்டா" என்றாள்.

வரிசை முடிந்ததும் வர்மா வந்தார். "தவிட்டம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. புதன்கிழமை சொல்லிக்கலாம், நம்ம ஆளுங்கதான். மறுவிசாரணைல மட்டும் வாய் விட்டுடாதீங்க. அங்க பஜ்ஜி கிடையாது. ஓய்வு பெறப்போற நேரம். பென்ஷன்ல கை வெச்சா யாரு கேக்கறது?"

வீட்டில் அவள் புருஷன் அப்பலசாமி, சணல் ஆலையில் ஷிஃப்டு முடிந்து வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "சொல்லலேன்னா கிருபாமணி தனியாப் போவா. சொன்னா நீயும் சேந்து போவே. அதுல அவளுக்கு என்ன லாபம்?"

"தொணைக்கு ஆளாச்சே" என்றாள் தவிட்டம்மா.

அவர் கொஞ்சம் ஊறுகாய் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த வீம்பு தெரியும்.

மறுவிசாரணைக்கு வந்த அதிகாரி கோட்டேஸ்வர ராவ், குண்டூர் பக்கத்துக்காரர். கிருபாமணி நல்ல புடவை கட்டி, கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்தபடியே நடந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "முறை சரியில்லன்னு சொல்றீங்க. சரி. அதே முறைலதானே தவிட்டம்மாவும் இத்தனை வருஷம் வேலை பாத்தாங்க? அவங்க கையால ஒண்ணும் நடக்கலையே. அப்போ இது ஆளோட கவனக்குறைவுதானே?"

தவிட்டம்மா எழுந்தாள். "போன வாரம் நடந்துச்சுங்கய்யா."

வர்மா தலையைக் குனிந்துகொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே வீட்டுப் பெண்கள், மூக்கு, தான் சிரித்தது, நீதானே என்று கேட்டது.

"ரூல் கொண்டு வந்தவங்களே நீங்கதானாமே. நீங்களே மீறினீங்களா?"

"தெரிஞ்ச முகம்னு கேக்காம விட்டேங்கய்யா. கிருபாமணியும் நானும் கேட்டது ஒரே கேள்வி. அவளுக்குப் பின்னால அன்னிக்கு யாரும் நிக்கல. எனக்குப் பின்னால டாக்டரையா நின்னு இன்னொரு தடவை கேட்டார். அவ கேஸ்ல ஆள் செத்தான், என் கேஸ்ல பொண்ணு பொழைச்சா. எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அவளை வெளிய அனுப்பினது சரின்னா என்னையும் அனுப்புங்க."

கிருபாமணி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்க ஊர்ல கோட்டப்பகொண்ட சாமிதான் எல்லாருக்கும் பேர் வைக்கறவர். கோட்டேஸ்வர ராவ்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பும்" என்றார் மெதுவாக. "என் அம்மா பேரு சேஷம்மா. இதுவரைக்கும் எந்த ஆஸ்பத்திரிலயும் யாரும் கேட்டதில்ல."

உத்தரவு வரச் சில மாதம் ஆனது. கிருபாமணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தவிட்டம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். எத்தனை இடத்தில் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். சின்ன அப்பலநரசம்மாவுக்குப் பெண் பிறந்தது. பேர் என்ன வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அப்பன்னா சாமி விடுவாரா?

ஓய்வு பெற்ற மறு வருஷம் தவிட்டம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. தன் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்தார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அக்கா, அக்கா என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சொட்டு மருந்தோடு கிருபாமணி வந்தாள். முந்தின வாரம்தான் தவிட்டம்மா வீட்டில் வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனவள். எதிரே நின்றாள். சிரிக்கவில்லை.

"உங்க பேரென்னங்க?"

பக்கத்துப் படுக்கைக் கிழவி வாய் பிளந்தாள். "இதென்னடி கூத்து! இவங்களையே பேர் கேக்கறியா?"

கிருபாமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு மரியாதையாக அவளிடம் யாரும் பேர் கேட்டதில்லை.

"தவிட்டம்மா." வீட்டுப் பேரையும் சேர்த்தே சொன்னாள்.

"அம்மா பேரு?"

"நூகாலம்மா."

"எந்தக் கண்ணுங்க?"

"இடது கண்ணு" என்றாள் தவிட்டம்மா, அழுதுகொண்டே.

"அழாதீங்கக்கா, மருந்து நிக்காது" என்று சொல்லி, கிருபாமணி அவள் முகத்தை நிமிர்த்தி இடது கண்ணில் சொட்டு விட்டாள்.